கடன் வாங்கப் பயிற்சி

காரியாபட்டிப் பக்கம் மானாவாரியில் குதிரைவாலி போடுகிறவரிடம் ஒரு பெருங்குறை இருக்கிறதாம். மழையும் விலையும் அல்ல. அவரிடம் ‘நிதித் தயார்நிலை’ இல்லையாம். ஏசி அறையில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். ஏற்கெனவே எங்கள் விருதுநகர் 2018 முதல் அரசுப் பட்டியலில் ‘முன்னேற விழையும் மாவட்டம்’. விழைந்துகொண்டே இருக்கிறோம்.

ஆகவே பயிற்சி. மண்டப வாசலில் ஃபிளெக்ஸ். சிவகாசி ஆப்செட்டில் அடித்த வழுவழு கையேடு. ஆளுக்கொரு பேனா. சிறுதானியத்தின் மகிமை பற்றி நீண்ட உரை. இடைவேளைக்கு மைதா சமோசா. பிறகு திரையில் ‘இடர் மேலாண்மை’. புரட்டாசியில் விதைத்துவிட்டு ஐப்பசி வானத்தை அண்ணாந்து பார்க்கிறவருக்கு இடர் என்றால் என்னவென்று சொல்லித் தருகிறார், மாதம் பிறந்தால் சம்பளம் விழுகிற ஒருவர்.

இப்படிக் கைதூக்கிவிடுவதற்கு ஆகும் கணக்கைப் பார்ப்போம். 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கான திட்டத்தை ஒன்றிய அரசு 2020 பிப்ரவரியில் தொடங்கியது. ஒதுக்கீடு 6,865 கோடி ரூபாய். ஒரு நிறுவனத்தின் நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டுகளில் அதிகபட்சம் 18 லட்சம். அதை உருவாக்கிக் கைதூக்கிவிடும் அமைப்புக்கு ஐந்தாண்டுகளில் அதிகபட்சம் 25 லட்சம். எழுகிறவருக்கு 18. தூக்கிவிடுகிறவருக்கு 25. யார் தயார்நிலையில் இருக்கிறார் என்று இனியும் கேட்பீர்களா?

செக்கெண்ணெய், இட்லிப்பொடி விற்கிற அக்கா மட்டும் தப்பிவிடுவாரா? அவருக்கென்று குறு உணவு நிறுவனத் திட்டம் இருக்கிறது. 35 சதவீத மானியம், உச்சவரம்பு 10 லட்சம். கேட்கும்போதே வாய் ஊறும். ஆனால் மானியம் கைக்கு வராது. வங்கியில் தனிக்கணக்கில் தூங்கும். மூன்றாண்டு கழித்தும் கடன் வாராக்கடனாகாமல் இருந்தால்தான் கடனில் கழித்துக்கொள்வார்கள். அதற்கும் முன்னால் கடன் கிடைக்க வேண்டுமே!

“சொத்துப் பத்திரம் ஏதும் இருக்காம்மா?”

“பத்து லட்சம் வரைக்கும் வேணாம்னு சொன்னாங்களே சார்...”

“சொல்லுவாங்கம்மா. நாளைக்கு மேலிடத்துல என்னையில்ல கேப்பாங்க.”

சொன்னது ரிசர்வ் வங்கி. குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாதென்று 2010லேயே சொன்னது. மேலிடத்துக்கும் மேலிடம் அது. வங்கிக் கவுண்டர் வரை அதன் குரல் எட்டவில்லை.

ரசாயனத்தைத் தலைமுழுகியவர் பாடு இன்னும் வேடிக்கை. அங்ககச் சான்றுக்கு ஓராண்டுப் பயிர் என்றால் இரண்டாண்டு மாறுகாலம். மண் தேறும்வரை விளைச்சல் முன்னே பின்னே இருக்கும். விலையோ சாதா விலைதான். தவணைக்கு மட்டும் மாறுகாலம் கிடையாது. நிலம் வருஷத்துக்கு ஒருமுறை காசு கொடுக்கிறது. வாங்கிய தொழில்கடன் மாதாமாதம் கேட்கிறது. இந்தச் சின்னக் கணக்கு இடிப்பது எந்தக் கையேட்டிலும் இல்லை.

இந்த ஊரில் பயிர் பார்த்துக் கடன் கொடுக்கிற ஒரே ஆள் பூச்சிமருந்துக் கடைக்காரர். சிபில் பார்க்க மாட்டார். திட்ட அறிக்கை கேட்க மாட்டார். “அறுப்புக்குக் குடுங்கண்ணே” என்பார். வட்டி மருந்து விலையிலேயே ஏறியிருக்கும். ஆனாலும் டப்பா அன்றைக்கே கைக்கு வரும். இயற்கை விவசாயத்தை வளர்க்கத் துடிக்கும் வங்கி அதிகாரிகளை அவர் கடையில் ஒரு வாரம் பயிற்சிக்கு உட்காரவைக்கலாம். பயணப்படியை வேண்டுமானால் நாங்களே தெருத்தெருவாக வசூலித்துத் தருகிறோம்.