விற்றுக்கொண்டே இருப்பவர்

இன்னும் விற்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வந்தவரும் சரிப்படவில்லையாம். வந்தவருக்கு வீடு பிடித்திருந்தது, நிலம் பிடித்திருந்தது, கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு "சூப்பர்" என்றுகூடச் சொன்னார். இவருக்குத்தான் அவரைப் பிடிக்கவில்லை.

மைசூரில் சரஸ்வதிபுரத்திலோ குவெம்பு நகரிலோ ஏதாவது ஒரு கதவைத் தட்டுங்கள், இந்த ரகத்தில் ஒருவர் பனியனோடு வந்து திறப்பார். பிள்ளை வெளிநாட்டில். தாமும் மனைவியும் நகரத்தில். ஊரில் அப்பா விட்டுப்போன, நடுவே திறந்த முற்றமுள்ள தொட்டிமனை ஒன்று, அதைச் சுற்றி 4 ஏக்கர் 12 குண்டே நிலம். 40 குண்டே சேர்ந்தால் ஓர் ஏக்கர். இவர் வாயால் கேட்டால் அந்த 12 குண்டேயே தனி சமஸ்தானம் போலிருக்கும். "யாரு சார் பார்த்துக்கறது? வித்துட வேண்டியதுதான்" என்று பெருமூச்சு விடுவார். இந்தப் பெருமூச்சுக்கு வயது அதிகம். பெங்களூருக்குப் பத்து வழிச் சாலை போடுவதற்கு முன்பிருந்தே விட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் யாரையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதவில்லை. இது ஒரு ரகத்தைப் பற்றியது. அந்த ரகத்தில் ஒருவர் நரசீபுரம் சாலையில் வருணா தாண்டி நிலம் வைத்திருந்து, வங்கியில் கடன் பிரிவு மேனேஜராக ஓய்வு பெற்று, ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பவராகவும் இருந்தால் அது தற்செயல். "தனியாப் போனா ஏமாத்திடுவாங்க, கூட ஒருத்தர் இருந்தா நல்லது" என்று என்னை ஏற்றிக்கொள்கிறார். என் வேலை தலையாட்டுவது.

பத்திரங்களில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பஹணி, மியுட்டேஷன், வில்லங்கச் சான்று, சர்வே வரைபடம் எல்லாம் வரிசையாக ஃபைலில் இருக்கின்றன. நிலத்திலும் குறை இல்லை. குறை எல்லாம் வாங்க வருகிற மனிதர்களிடம்தான்.

வருபவரிடம் பணம் இருக்கிறதா என்பது இவருக்கு இரண்டாம் பட்சம், தகுதி இருக்கிறதா என்பதே கேள்வி. முப்பது வருஷம் கடன் மனுக்களில் ஓட்டை தேடிய கண். தேர்வு ஜகலியிலேயே, அதாவது திண்ணையிலேயே, தொடங்கிவிடும். செருப்பைக் கழற்றாமல் ஏறினவர் அங்கேயே ஃபெயில். ஆனால் அவருக்கு அது தெரியாது. இன்னும் இரண்டு மணி நேரம் சுற்றிக் காட்டப்படுவார், இளநீர் வெட்டித் தரப்படும், கையில் ரசபாளை வாழைப்பழமும் கொடுக்கப்படும். நஞ்சன்கூடு ரசபாளை பனாமா வாடல் நோயில் எப்படி அழிந்துகொண்டு வந்தது, அதில் நாலு கன்றை இவர் எப்படிக் காப்பாற்றினார் என்பதைப் பழத்தோலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாக வேண்டும். தோலை எங்கே போடுகிறார் என்பதும் தேர்வில் சேர்த்தி.

அடுத்தது பலா மரம். கொல்லைப்புறத்தில் சமையலறைச் சுவரை ஒட்டி நிற்கிறது. அதன் அடியில் வந்தவரை நிறுத்தி, "இதை என்ன பண்றதா உத்தேசம்?" என்பார். இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடையாது. எல்லா விடைகளையும் கேட்டுவிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். "வெட்டிடுவோம்" என்றவர் கதை அந்த நிமிஷமே முடிந்தது. "வெட்டவே மாட்டோம்" என்றவரைப் பற்றிக் காரில் திரும்பும்போது, "வேர் சுவருக்குள்ள போயிட்டிருக்கு, அது கண்ணுல படல பாருங்க, இவன் என்னத்தை விவசாயம் பண்ணுவான்?" என்றார். "நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி" என்று ஒரு நல்ல மனிதர் பணிவாகச் சொன்னார். சொந்தப் புத்தி இல்லாதவர் என்று தீர்ப்பாயிற்று. ஒருவர் விடையே சொல்லாமல் மரத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "ரொம்ப அழுத்தமானவன்" என்றார் இவர். விலையைக் கேட்டவர்களும் உண்டு. "விலை கிடக்கட்டும், முதல்ல பலாவைப் பாருங்க."

2020 வரை இவருக்குச் சட்டமே துணை நின்றது. கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்க 1961-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் தடைகள் இருந்தன. வெளி வருமானத்துக்கும் வரம்பு உண்டு. அதை 2 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்த்தியதே 2015-ல்தான். யாராவது மென்பொருள்காரர் ஆசையோடு வந்தால், எல்லா மரத்தையும் காட்டி, எல்லாப் பழத்தையும் கொடுத்து, கார்க் கதவைச் சாத்தும் நேரத்தில், "79ஏ, 79பி இருக்கே, தெரியுமோ?" என்று கேட்டு அனுப்பிவைப்பார். 2020-ல் அரசு அந்தப் பிரிவுகளை நீக்கியது. மாநிலத்தில் விவசாயிகள் போராடினார்கள். அவர்களுக்கு நியாயமான கவலை இருந்தது. இவரும் தம் பங்குக்கு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. 2023 மார்ச்சில் விரைவுச் சாலையும் திறந்தாயிற்று. 118 கிலோமீட்டர்தான் என்று பெங்களூர்க்காரர்கள் தூக்கம் கலைந்த கையோடு கிளம்பி, காலை டிபனுக்கு இங்கே வந்து நிற்கிறார்கள். சட்டமும் போய், தூரமும் போனபின் எஞ்சியது பலா மரம் மட்டும்.

ஒரு தம்பதி வார இறுதி விடுதி நடத்தப் போவதாகச் சொல்லி, நீச்சல் குளத்துக்கு எது தோதான இடம் என்று கேட்டார்கள். இவர் கிணற்றைக் காட்டினார். லேஅவுட் போடுகிறவர் ஒருவர் வந்தார். நிலத்தைப் பார்க்கவில்லை, கால்குலேட்டரைப் பார்த்தார். 30-க்கு 40 மனைகளாகப் பிரித்தால், ரோடு போக எண்பது தேறும் என்றார். "பலா மரம் எத்தனாம் நம்பர் சைட்டுல வரும்?" என்று இவர் கேட்டார். அந்தப் புண்ணியவான் நிஜமாகவே கணக்குப் போட்டு, "கார்னர் சைட் சார், நல்ல ரேட்டு போகும்" என்றார்.

பக்கத்து நிலத்துக்காரர் கேட்டது வேறு மாதிரி. கடன் வேண்டாம், தவணை வேண்டாம், ஒரே கையாகத் தருகிறேன், நெல்லும் ராகியும் போடுவேன் என்றார். போடுவார், தெரியும். நிலத்துக்கு அவரை விட நல்ல கை கிடைக்காது. இவருக்கு மனசு வரவில்லை. 1974-ல் முதல்வர் தேவராஜ் அர்ஸ் காலத்தில் உழுதவனுக்கே நிலம் என்று சட்டம் வந்தபோது, அந்த மனிதரின் தாத்தா 7-ஆம் எண் படிவம் கொடுத்து, குத்தகைக்கு உழுத நிலத்தைச் சட்டப்படி சொந்தமாக்கிக்கொண்டவர். "நம்ம நிலத்துல கொஞ்சம் ஏற்கெனவே வாங்கியாச்சே" என்று இவர் பல்லைக் கடிப்பார். உழுதவர் உழுத நிலத்தைத்தானே பெற்றார் என்று ஒருமுறை சொன்னேன். மைசூர் வரும்வரை காரில் ஏ.சி. போடவில்லை.

உண்மையான ஆபத்து ஒருமுறைதான் வந்தது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். செருப்பை வாசலிலேயே விட்டார். தொட்டியின் நடுவில் நின்று மேலே தெரிந்த வானத்தைப் பார்த்துக் கண்கலங்கினார். பலா மரத்தடியில், இவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "சுவரைத்தான் கொஞ்சம் தள்ளிக் கட்டணும்" என்றார். விலையைத் தாமாகவே சொன்னார், நல்ல விலை. இவர் முகம் வெளுத்துவிட்டது. "ஆஷாடம் கழியட்டுமே" என்றார். ஆஷாட வெள்ளிக்கிழமைகளில் சாமுண்டி மலைக்கு ஊரே திரண்டு ஏறுகிற மாதத்தில் நிலம் கைமாற்றக் கூடாதாம். ஆஷாடம் கழிந்தது. பித்ரு பட்சம் வந்தது. அதைத் தொடர்ந்து தசரா, கூட்டத்தில் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போக முடியாது. அப்புறம் தனுர் மாதம். அந்த அம்மாள் சங்கராந்திக்குள் வேறு இடம் பார்த்துவிட்டார். "பார்த்தீங்களா, பொறுமை இல்லை" என்றார் இவர், முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

சூட்சுமம் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. விற்பனைக்கு வைத்த பிறகுதான் அந்த வீட்டுக்கு ஆள் வருகிறது. அதற்கு முன் சித்தப்பா பிள்ளைகள்கூட எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளை வீடியோ அழைப்பில் மூன்று நிமிஷம் பார்த்துவிட்டு "நைஸ் அப்பா" என்பான். புரோக்கர் அழைத்துவரும் அந்நியர்களோ இரண்டு மணி நேரம் கேட்கிறார்கள். கூரை ஓடு மங்களூர் ஓடு, பாசல் மிஷன்காரர்கள் 1865-லேயே அங்கே ஓட்டுத் தொழிற்சாலை வைத்தவர்கள் என்று இவர் ஆரம்பித்தால் கழுத்து வலிக்க மேலே பார்க்கிறார்கள். இந்தத் தூணில் சாய்ந்துதான் அப்பா பஞ்சாங்கம் பார்ப்பார் என்றால் தூணைத் தொட்டுப் பார்க்கிறார்கள். தான் பிறந்த வீட்டின் கதையை இவ்வளவு பேரிடம் சொல்ல இவருக்கு வேறு வழி ஏது? இது புரிந்த ஞாயிறன்று, பலா மரத்தடியில் நானாகவே தலையாட்டினேன்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். இவருக்கு ஒரு தங்கை உண்டு, ஈரோட்டில். கணவர் காலமாகிவிட்டார். முழங்கால் அறுவைக்குப் பணம் புரட்டிக்கொண்டிருக்கிறார். 2005-ல் சட்டம் திருத்தி மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்றாயிற்று. திருத்தம் வந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியாயிற்று. "அண்ணா விக்கும்போது தருவார்" என்று அந்த அம்மாள் காத்திருக்கிறார். அண்ணாவும் "வித்தவுடனே உனக்குத்தாம்மா முதல்ல" என்கிறார், மனசாரச் சொல்கிறார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் குடும்பமும் ஒவ்வொரு கார் வந்து போகும்போதும் என்னிடம் வந்து, "ஈ சல ஆகுத்தா, ஸ்வாமி?" என்று, இந்தத் தடவையாவது முடியுமா என்று கேட்கிறது. புது முதலாளி தங்களை வைத்துக்கொள்வாரா, இந்த வருஷம் மாடு வாங்கலாமா என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். இவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்கு வாடகை கொடுப்பது தங்கையின் முழங்காலும் அவர்கள் வாங்காத மாடும். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. மரத்தின் கிளையை வெட்டக்கூட யோசிக்கிறவருக்கு, கூடப்பிறந்தவளைக் காக்கவைப்பது மட்டும் உறுத்தாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் புதிதாக ஒரு யோசனை சொன்னார். யாதவகிரியில் ஆர்.கே. நாராயண் வீட்டை 2011-ல் இடிக்க ஆரம்பித்து, ஊர் சத்தம் போட்டு நிறுத்தி, அரசுத் தரப்பில் வாங்கி, 2016-ல் மியூசியமாகத் திறக்கவில்லையா? அதைப் போல இதையும் யாராவது எடுத்து அப்படியே வைத்துக்கொண்டால் என்ன?

"அவர் நாவல் எழுதினார் சார். நீங்க?"

"நான் வீட்டை வித்துடாம வச்சிருக்கேனே!"

சரி, அப்படியே இருக்கட்டும். தங்கையின் பாதியைப் பக்கத்து நிலத்துக்காரருக்கே எழுதி, பணத்தை ஈரோட்டுக்கு அனுப்புங்கள். தோட்டத்துக் குடும்பத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். மீதிப் பாதியில் வீடும் பலா மரமும் இருக்கும்படி வரப்புப் போட்டுக்கொண்டு, டிக்கெட் வைத்துச் சுற்றிக் காட்டுங்கள். முதல் டிக்கெட்டை நான் வாங்கிக்கொள்கிறேன். செருப்பையும் வாசலிலேயே விடுகிறேன். காலை ஏழு மணிக்கு ஹாரன் மட்டும் வேண்டாம்.