பெட்ரோல் பங்க்கைப் பகைத்தவர்

கோவையில் லேத்துப் பட்டறை இருக்கிற தெருவுக்கு இவர் ஒருத்தராவது இருப்பார். அடையாளம் சுலபம். பழைய நூறு சிசி வண்டி. பக்கவாட்டுக் கவரைக் கழற்றி எறிந்த இடத்தில் ஊறுகாய் பாட்டில் ஒன்று கட்டுக்கம்பியால் இறுக்கப்பட்டிருக்கும். அதன் மூடியிலிருந்து மீன்தொட்டிக் குழாய் ஒன்று வளைந்து போய் ஏர் ஃபில்டருக்குள் நுழையும். பாட்டிலுக்குள் வெள்ளை வெள்ளையாக நுரை கொதிக்கும். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர் அதைப் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே இருப்பார். அந்த மனிதர் பார்த்துத் தொலைத்தால், பச்சை விழுந்து பின்னால் பஸ்காரர் ஹாரனில் கையை வைத்த பிறகும் நகர முடியாது.

"தண்ணிங்க. வெறும் தண்ணி."

வெறும் தண்ணீர் இல்லை என்பது அவர் வீட்டு அக்காவுக்குத் தெரியும். பாத்ரூம் கழுவ வாங்கி வைத்த காஸ்டிக் சோடா மாதா மாதம் காணாமல் போகிறது. அதற்கு முன்னால் கல் உப்பு காணாமல் போய்க்கொண்டிருந்தது. தண்ணீரை ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிக்க உப்பைப் போட்டுக் கரண்ட் கொடுத்தபோது ஆக்சிஜனுக்குப் பதில் குளோரின் கிளம்பி, வீடு முழுக்க பிளீச்சிங் பவுடர் நாற்றம். எதிர்வீட்டுப் பாட்டி மாநகராட்சியில் இருந்து யாரோ மருந்தடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் குடத்தை எல்லாம் மூடி வைத்தார்.

அடுத்த பலி எவர்சில்வர். பாட்டிலுக்குள் கரண்ட் பாய்கிற தகட்டுக்குத் துருப்பிடிக்காத உயர்ந்த ரகம் வேண்டும்; 316 கிடைத்தால் சொர்க்கம். அதனால் இவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். உறவுக்காரர் வீட்டில் காப்பி கொடுத்தால், குடிப்பதற்கு முன் டம்ளரில் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பார். ஒட்டினால் அந்தக் குடும்பத்தின் மேல் மரியாதை குறையும். ஒட்டாவிட்டால் இன்னும் ஆபத்து. விடைபெறும்போது டம்ளர்களை எண்ணிக்கொள்வது நல்லது.

கைவேலையைக் குறை சொல்ல முடியாது. தகடுகளை முடியிழை இடைவெளி விட்டு அடுக்கி, ஒன்றையொன்று தொடாமல் நைலான் வாஷர் போட்டிருப்பார். தண்ணீரைப் பிரிக்கக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும், நடைமுறையில் இரண்டு வோல்ட். பேட்டரியோ 12 வோல்ட். நேரடியாகக் கொடுத்தால் மிச்சமெல்லாம் சூடாகிப் பாட்டில் வெந்நீர் அண்டாவாகும். எனவே நடுவில் ஒயர் தொடாத தகடுகளைச் செருகி ஆறு அறையாகப் பிரித்திருப்பார். இதை எந்தக் கல்லூரியும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. மூன்று மூடி வெடித்துச் சொல்லித்தந்தன. கடைசி மூடி ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் போட்ட ஓட்டையை இன்றைக்கும் வருகிறவர்களுக்குக் காட்டுகிறார். அதற்குப் பிறகுதான் நடுவில் தண்ணீர் நிரப்பிய இன்னொரு பாட்டில் வந்தது. இஞ்சினிலிருந்து தீ திரும்பி ஓடிவந்தால் அங்கேயே அவிந்துவிடும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கிலிருந்து 75 பங்கு வரை கலந்திருந்தால் போதும், ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும். இவர் பாட்டிலில் அதற்குத் தேவையான ஆக்சிஜனும் சேர்ந்தே வருகிறது.

விருந்தாளி வந்தால் கச்சேரி உண்டு. குழம்புக் கரண்டியில் சோப்பு நுரை எடுத்து, அதற்குள் குழாயை நுழைத்து, நுரை உப்பியதும் குழாயைத் தள்ளி வைத்துவிட்டுத் தீக்குச்சியை நீட்டுவார். டமார்! தெருநாய் எழுந்து ஓடும். இவர் தனி ஆவர்த்தனம் முடித்த வித்வான் மாதிரி ஒரு சுற்று பார்ப்பார். கரண்டி அடுத்த நாள் சாம்பாருக்குப் போகும்.

இதில் புதுமை எதுவுமில்லை. வோல்ட்டாவின் மின்கலச் செய்தி கேள்விப்பட்ட கையோடு 1800-இலேயே லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் தண்ணீரைப் பிரித்துவிட்டார்கள். நம் பாட்டில் அண்ணனுக்கு அது தெரியும். "அவங்க பிரிச்சாங்க. வண்டி ஓட்டலை பாருங்க" என்பார்.

தகராறு இங்கேதான். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 112 கிராம் ஹைட்ரஜன் இருக்கிறது. துளிகூட வீணாகாத கருவி ஒன்று இருந்தாலும் அதைப் பிரிக்கச் சுமார் 4.4 யூனிட் மின்சாரம் ஆகும். திரும்ப எரித்தால் அதே 4.4 யூனிட்தான் வெப்பமாக வரும். இஞ்சினில் எரித்தால் அதிலும் கால்வாசிதான் சக்கரத்துக்குப் போகும். தண்ணீர் என்பதே எரிந்து முடிந்த ஹைட்ரஜன்தான். இவர் அடுப்புச் சாம்பலைத் திரும்ப விறகாக்கி அந்த விறகிலேயே சாம்பலை விறகாக்கவும் பார்க்கிறார்.

இதைச் சொன்னால் சிரிப்பார். "கரண்ட் ஓசிங்க தம்பி. இஞ்சின் எப்படியும் சுத்துது, அது சும்மா வருது." சும்மா வருவதில்லை. விளக்கைப் போட்டாலே டைனமோ இஞ்சினின் கழுத்தைக் கொஞ்சம் அழுத்தத்தான் செய்கிறது. அந்தக் கூலி பெட்ரோல் டாங்கியிலிருந்துதான் போகிறது. அப்படிக் கூலி கொடுத்து என்ன கிடைக்கிறது? பாட்டில் நிமிடத்துக்கு அரை லிட்டர் வாயு தந்தாலே பெரிது. ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகினால், 5,000 சுற்றில் நூறு சிசி இஞ்சின் அதே நிமிடத்தில் 200 லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கும்.

ஆனாலும் மைலேஜ் கூடியதாக அவர் சத்தியம் செய்வது பொய்யில்லை. பாட்டில் மாட்டிய அன்றைக்குத்தான் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார், பிளக்கை மாற்றினார், டயருக்குக் காற்றடித்தார். பாட்டில் உடைந்துவிடுமே என்று நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினார். புகழ் முழுக்கப் பாட்டிலுக்குப் போனது. மச்சானின் புது பிஎஸ்-6 வண்டியில் மாட்டியபோது கதை மாறிவிட்டது. புகைக்குழலில் இருந்த சென்சார் ஆக்சிஜன் அளவைப் பார்த்து, பாட்டிலை மதிக்காமல் பெட்ரோலைத் தன் கணக்குப்படியே ஊற்றிக்கொண்டது. "கம்பெனிக்காரன் நம்மளைத் தடுக்கறதுக்குன்னே வெச்சிருக்கான்" என்றார்.

தடுக்கிறார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. பட்டறைச் சுவரில் ஜி.டி. நாயுடு படம், ஊர்க்காரர் என்ற உரிமையில். மனதுக்குள் மாட்டியிருப்பது ஸ்டான்லி மேயர் படம். அமெரிக்காவில் தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொல்லி முதலீடு வாங்கியவர். 1996-இல் ஒஹாயோ நீதிமன்றம் அதை அப்பட்டமான மோசடி என்றது. 1998-இல் உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சரிந்து இறந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்பது மருத்துவ விசாரணையின் முடிவு. அண்ணனின் விசாரணையில் விஷம். அதே 1996-இல் நம் பக்கம் மூலிகையில் பெட்ரோல் எடுப்பதாகச் சொன்ன ராமர் பிள்ளையால் நாடே அல்லோலகல்லோலப்பட்டது. 2016-இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. "ஒரே வருசம் பாத்தீங்களா?" என்று குரலைத் தாழ்த்துவார். ஒரே வருடம் என்பதைத் தவிர வேறு சாட்சி எதுவும் அவர் கேட்பதில்லை.

2023 ஜனவரியில் மத்திய அரசு பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய் என்று அறிவித்தபோது தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தார். அது சூரிய ஒளியிலும் காற்றாலையிலும் எடுக்கிற மின்சாரத்தைச் செலவழித்துத் தண்ணீரைப் பிரிக்கிற திட்டம். மின்சாரம் ஓசி என்று அதில் யாரும் எழுதவில்லை. "நம்ம ஐடியாதானுங்க. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்றார்.

போன மாதம் ராஜ வீதியிலிருந்து நகைப் பட்டறைக்காரர் ஒருவர் தேடி வந்தார். பற்றவைக்க இந்த வாயுவில் சின்ன, கூர்மையான தீ கிடைக்குமாமே, சிலிண்டர் தொல்லை இல்லாமல் பிளக்கில் செருகி வேலை செய்ய ஒரு மெஷின் செய்து தர முடியுமா என்று கேட்டார். கரண்ட் பில் அவருடையது. உண்மையில் இந்தப் பாட்டிலால் உருப்படியாக முடிகிற வேலை அதுதான். இதே மாதிரி மெஷின் நகைத் தொழிலில் ஏற்கெனவே இருக்கிறது.

அண்ணனின் முகம் சுண்டிவிட்டது. "உலகத்துல இருக்கற வண்டியெல்லாம் ஓடறதுக்குக் கண்டுபிடிச்சதுங்க இது. மூக்குத்தி ஒட்டறதுக்கா?"

நகைப் பட்டறைக்காரர் செருப்பைத் தேடினார்.

"ஏனுங்க, அவரை உக்காரச் சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது. ஈபி அட்டையும் கையுமாக அவரே வெளியே வந்தார். "அட்வான்ஸ் எவ்வளவு தருவீங்க?"