ரவுண்ட் சீல் இல்லாத படிப்பு

உயர்திரு பதிவாளர் அவர்கள் சமூகத்துக்கு,

கடந்த திங்கட்கிழமை என் தங்கை மகள் தங்கள் தேர்வுப் பிரிவு கவுண்டரில், கல்லூரிப் பாடம் ஒன்றுக்கு ஈடாக, என்பிடெல் என்ற இணையவழிப் படிப்பின் சான்றிதழை நீட்டினாள். 12 வாரம் பாடம் கேட்டு, வாராவாரம் அசைன்மென்ட் போட்டு, 1,000 ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்குப் போய் எழுதி வாங்கியது. தங்கள் ஊழியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரவுண்ட் சீல் எங்கம்மா?"

"கியூஆர் கோடு இருக்கு சார். ஸ்கேன் பண்ணிப் பாருங்க."

"அது சதுரமால்ல இருக்கு!"

வரிசையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை, என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் ஸ்வயம் இணையதளம் வழியாகப் படிக்கலாம் என்ற யூஜிசியின் 2021 விதியை அச்செடுத்துக் காட்டினோம். "எங்களுக்கு சர்க்குலர் வரலை" என்றார். அந்தத் தாளிலும் ரவுண்ட் சீல் இல்லைதான். யூஜிசியைக் கண்டித்து வையுங்கள்.

சீல் இல்லாமல் அறிவை வாரி இறைக்கும் கும்பல் பெருகிவிட்டது, ஐயா. தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தருவதாக எம்ஐடி 2001இல் அறிவித்தது. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் 2003இல் என்பிடெலைத் தொடங்கின. அதற்கும் முன்பே, 1998இல், மதுரைத் திட்டத்துக்காரர்கள் கூலி வாங்காமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து ஊருக்கெல்லாம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். தொல்காப்பியத்தை அங்கே புரட்டிப் பார்த்தேன். தொல்காப்பியரும் ரவுண்ட் சீல் வைக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. இதே பாடத்துக்கு அவள் கல்லூரியில் ஆசிரியர் இடம் காலி. கௌரவ விரிவுரையாளர் புரொஜெக்டரில் இதே என்பிடெல் வீடியோவை ஓடவிட்டு அட்டெண்டன்ஸ் எடுக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மூன்று வகுப்புக்கு ஒரே ஆள். ஐஐடி பேராசிரியர் சும்மா கொடுத்ததைத் திரையில் காட்டிக் காசு வாங்குவீர்கள்; அதையே அவள் வீட்டில் உட்கார்ந்து படித்துத் தேறினால் செல்லாது என்பீர்கள். இது பகல் கொள்ளை. படிக்க வந்த பிள்ளையைப் பத்துப் பேர் நடுவே கூனிக் குறுக வைப்பதற்கு உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

மன்னிக்கவும். 'பகல் கொள்ளை' என்பதைக் 'கல்விக் கொடை' என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும். தங்கள் பெருந்தன்மை நாடறிந்தது.

ஒரே விண்ணப்பம். என்பிடெல் பருவங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. எந்தப் பாடத்துக்குப் பதிலாக எதைப் படிக்கலாம் என்ற பட்டியலை அதற்கு முன்பே வெளியிட்டு, கவுண்டர் கண்ணாடியில் ஒட்டச் சொல்லுங்கள். தேர்வு எழுதி முடித்த பிறகு வரும் பட்டியலால் ஒரு பிள்ளைக்கும் பயனில்லை.

இப்படிக்கு,
மாணவியின் தாய்மாமன்