பெரியம்மாவுக்கு ஒரு டீ

திருச்சியில் எங்கள் தெருமுனை டீக்கடையில் எனக்குப் பெயர் பெரியம்மா. வயது ஐம்பத்திரண்டு, மீசையும் உண்டு. இருந்தும் பெரியம்மாதான்.

எல்லாம் போன ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் எங்கள் வாசலேறியது. வடிந்தபோது கோலம் போடும் இடத்தில் பேப்பர் கப்புகள் கரை ஒதுங்கியிருந்தன. என் மனைவி விளக்குமாற்றோடு நின்று எண்ணினாள். நாற்பத்தொன்று. "இதுல உங்களோடது எத்தனை?" என்றாள். நாளைக்கு நாலு டீ குடிக்கிறவன் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

மறுநாள் பரணிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரை இறக்கினேன். அக்கா கல்யாணத்துக்கு வந்தது. 'பெரியம்மா அன்பளிப்பு 14.9.1986' என்று வெட்டியிருக்கும். (பெயர் வெட்டாமல் பாத்திரம் கொடுத்தால் எங்கள் பக்கத்தில் அது கொடுத்த கணக்கிலேயே வராது.) டீ மாஸ்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி, "பெரியம்மாவுக்கு ஒரு டீ, சக்கரை கம்மி!"

அந்தக் காலத்து டம்ளர், இருநூறு மில்லி பிடிக்கும். கடை டீ அதில் சித்திரை மாதத்துக் கிணறு மாதிரி அடியில் கிடந்தது. மாஸ்டருக்கே மனசு கேட்காமல் இன்னொரு ஊற்று ஊற்றினார். சுற்றுச்சூழலைக் காப்பதில் இப்படி ஒரு லாபம் இருப்பது வெளியே தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் ஆட்டோக்காரர் ஒருவர் சொம்போடு வந்தார்.

அதற்கு அடுத்த நாள் மாஸ்டர் உஷாராகிவிட்டார். ஒரு பேப்பர் கப்பை உருவினார், டீயை அதில் ஊற்றினார், அதிலிருந்து என் டம்ளருக்கு மாற்றினார், கப்பைக் கசக்கி வீசினார். அது வழக்கம்போலக் குப்பைக்கூடைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

"என்னங்க இது?"

"அளவு வேணும்ல சார்."

எனக்குப் பிரசங்க ஆவேசம் வந்துவிட்டது. இது பேப்பரே இல்லை, சூடு தாங்க உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அதனால்தான் பழைய பேப்பர் கடைக்காரர்கூட எடைக்கு எடுப்பதில்லை என்றேன். சூடான பானம் கால்மணி நேரம் இதில் இருந்தால் நூறு மில்லியில் சுமார் 25,000 பிளாஸ்டிக் துணுக்குகள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐ.ஐ.டி.க்காரர்கள் 2020-இல் கண்டுபிடித்ததைச் சொன்னேன். "கால்மணி நேரம் யாரு சார் வச்சிக் குடிக்கிறா?" என்றார். ஓசிப் பேப்பரை வரி விளம்பரம் வரை படித்து முடிக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு சட்டத்துக்கு வந்தேன். "தமிழ்நாட்டில் இந்தக் கப்புக்கு 2019 ஜனவரி 1-லேருந்தே தடைங்க. தயாரிக்கிறவங்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. தடை செல்லும்னு 2023 அக்டோபர்ல தீர்ப்பே வந்துடுச்சு."

மாஸ்டர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அப்படியா? வாரா வாரம் கப்பு போடுறவரு ஒரு வார்த்தை சொல்லலையே!"

"கண்ணாடி கிளாஸ் என்ன ஆச்சு?"

அவர் பேசாமல் கல்லாவுக்குக் கீழே இருந்த வாளியைக் காட்டினார். கிளாஸ் அலசும் வாளி. அதன் நிறத்துக்கும் டீயின் நிறத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கொரோனா சமயத்தில் இதே வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குக் கப்புலயே குடுத்துடுங்க" என்று முதலில் சொன்னவர்களில் நானும் ஒருவன். அவருக்கு அது ஞாபகம் இருந்தது. ஊரெல்லாம் கப்பு பரவியதற்குச் சோம்பலைவிட இந்த வாளிக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கட்சி. மஞ்சப்பையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் வாளியைப் பற்றிப் பேசுவதில்லை.

பாய்லரில் நாள் முழுக்க வெந்நீர் கொதிக்கிறதே, அதில் அலசினால் என்ன என்றேன். "கேஸ் காசு நீங்க குடுப்பீங்களா?" என்று கேட்டார். ஆனாலும் அடுத்த வாரம் ஒரு டஜன் கிளாஸ் வெளியே வந்தது, பக்கத்தில் ஆவி பறக்கும் தண்ணீரோடு. அளக்கவும் இப்போது கிளாஸ்தான். ஆட்டோக்காரரின் சொம்பு வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

நேற்று டம்ளரை மறந்து போய் நின்றேன். கிளாஸில் கொடுங்கள் என்றேன்.

"பெரியம்மா வரலையா?" என்றார் மாஸ்டர்.

"வீட்ல இருக்கு."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த புதியவர் ஒருவர் என் பக்கம் திரும்பினார். "இந்தக் குளிர்ல வயசானவங்க வெளிய வராம இருக்கறதே நல்லதுங்க" என்றார், கப்பைச் சாக்கடைப் பக்கம் எறிந்தபடி.