ஊர் ஒயிலும் ரொறன்ரோக் குளிரும்

கேள்வி: ஊரில் 20டபிள்யூ-50 ஊற்றித்தானே ஓடினோம்? ஸ்காபரோ கராஜ்காரர் ஏன் 0டபிள்யூ-20 என்கிறார்?

பதில்: ஊர் மார்கழிக்கு ஒரு மப்ளர் போதும். ரொறன்ரோத் தை மாதத்தில் -20 பாகையிலும் கார் விடியவே எழும்ப வேண்டும். 'டபிள்யூ' என்பது வின்ரர், அதாவது குளிர்காலம். ஸ்ரார்ட் ஆகும்போது ஒயில் எவ்வளவு இளகலாக இருக்கிறது என்று 0டபிள்யூவை -35 பாகையில் சோதிப்பார்கள். 20டபிள்யூவுக்கோ -15 தான். அதற்குக் கீழே அது பாகுபோல் இறுகி, என்ஜினின் மேற்பகுதிக்கு ஏறச் சுணங்கும். தேய்மானம் தொடங்குவது அந்த விநாடிகளில்தான்.

பின்னால் வரும் எண், 100 பாகைச் சூட்டில் ஒயிலின் தடிப்பைக் குறிக்கும். அதைத் தீர்மானிப்பது காரின் கையேடு. மச்சானின் அனுபவம் அல்ல!

தமிழ்க் கடைக்கும் வீட்டுக்குமான ஐந்து நிமிட ஓட்டமே அதிகமென்றால், என்ஜின் சூடேறாமல் ஒயிலில் ஈரம் தங்கும். அந்தக் காருக்குக் கையேட்டின் 'கடும் பாவனை' அட்டவணைப்படி முந்தியே ஒயில் மாற்ற வேண்டும், பில்ரரோடு சேர்த்து.