நேரலைத் திணையியல்: காமிக்ஸ் சேகரிப்போர் பேசத்தக்க பொருள்கள் குறித்த ஓர் ஆய்வு

நுதலிய பொருள்

பழைய காமிக்ஸ் இதழ்களைத் தேடிப் பிடித்து, உறையிட்டு, எண்ணிட்டு, அட்டவணைப்படுத்தி வைப்போர், தம்மையொத்த பிறரோடு கைப்பேசி வழியே முகங்காட்டி உரையாடும் நிகழ்வு நேரலை எனப்படும். இந்நிகழ்வு "சத்தம் கேட்குதா?" என்னும் வினாவோடு தொடங்குவது மரபாகும். பண்டை நூல்களுக்குக் கடவுள் வாழ்த்து எவ்வாறோ அவ்வாறே நேரலைக்கு இவ்வினா என்பதும், கேட்கிறது என்று விடை வந்த பின்னரும் இது மும்முறை ஓதப்படும் என்பதும் அறியத்தக்கன. வாழ்த்து முடிந்ததும் நடத்துநர் தம் தொகுப்பிலிருந்து ஓர் இதழை எடுத்துக் கேமராவின் மூக்குக்கு அருகில் பிடிப்பார். அட்டை மங்கித் தெரியும். சற்றுப் பின்னே பிடிக்குமாறு பார்வையாளர் வேண்டுவர். பின்னே பிடித்தால் மின்விசிறிக் காற்றில் உறை படபடக்கும்.

இவ்வகையில் இரண்டு வாரங்கள் இனிதே கழியும். மூன்றாம் வாரம் காட்டுவதற்கு அட்டைகள் தீர்ந்துபோக, அடுத்து எதைப் பேசலாம் என்று நடத்துநர் பார்வையாளரையே கேட்கும் நிலை வரும். அவர்கள் தரும் தலைப்புகளோ வகைதொகையின்றி வருவன, துருப்பிடித்த பின்னைக் கழற்றும் முறையும், தொலைந்த இதழை நினைத்து வருந்துதலும், "விலை என்ன அண்ணா?" என்பதும் ஒரே வரிசையில் நிற்கும். இக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். காமிக்ஸ் சேகரிப்பைப் பற்றி மாந்தர் பேசக்கூடிய அனைத்தும் தொல்காப்பியம் வகுத்த அகத்திணை ஏழனுள் அடங்கும் என்பது இதன் கருதுகோள்.

முன்னோர் வகைப்பாடுகளும் அவற்றின் இடர்ப்பாடும்

திணைக்குச் செல்லுமுன் பிற முறைகளை ஆராய்ந்து விலக்குதல் ஆய்வு நெறியாதலின் அதுவும் ஈண்டுச் செய்யப்படுகிறது. டியூயி பதின்மப் பகுப்பு, உலகின் படக்கதைகள் அனைத்தையும் 741.5 என்னும் ஒரே எண்ணின் கீழ்க் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஊர்த் திருவிழாவுக்கு வந்தவர் எல்லோரையும் ஒரே திண்ணையில் படுக்க வைப்பதை ஒத்தது இது.

சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை இதனினும் நுட்பமானது. அது ஒரு பொருளை ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து முகங்களாகப் பிரித்து நோக்கும். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி'க்கு இதனைப் பொருத்திப் பார்க்கலாம். காலம் 1972, இடம், கதை பிறந்த பிரிட்டனோ தமிழில் வெளிவந்த சிவகாசியோ என்பது விவாதத்திற்குரியது, பருப்பொருள் இரும்பு, ஆற்றல் மின்சாரம், ஏனெனில் உடலில் மின்சாரம் பாய்ந்தவுடன் அவன் மறைந்துவிடுவான். ஆளுமை என்னும் முகத்தை நிரப்புங்கால்தான் முறை தடுமாறுகிறது. கை மட்டும் தெரிந்து உடல் தெரியாத ஒருவனை எந்த அறையில் இட்டுப் பூட்டுவது?

அகரவரிசையே போதும் என்பர் ஒருசாரார். அது பொருந்தாது. முத்து காமிக்ஸில் மாயாவி எனப்பட்டவன் லூயிஸ் கிராண்டல் என்னும் இரும்புக்கையன். 1984-இல் தொடங்கிய ராணி காமிக்ஸில் மாயாவி எனப்பட்டவரோ, லீ ஃபாக் 1936-இல் படைத்த முகமூடி வீரர் ஃபேண்டம். அந்த முகமூடி வீரரே பிற வெளியீடுகளில் வேதாளர் என்னும் பெயரில் உலவினார். ஆகவே அகரவரிசையைக் கடைப்பிடிக்கும் சேகரிப்பாளரின் பீரோவில் 'மா' என்ற தட்டில் இருவர் ஓருயிராய்க் கிடப்பர். அவருள் ஒருவரே 'வே' என்ற தட்டிலும் தனியே கிடப்பார். இஃதன்றியும், பிரெஞ்சு மொழியில் லெஃப்டினன்ட் புளூபெரியாகப் பணிசெய்த குதிரைப்படை வீரர் தமிழுக்கு வந்தவுடன் கேப்டன் டைகர் ஆனார். போர்க்களத்தில் கிடைக்காத பதவி உயர்வு மொழிபெயர்ப்பில் கிடைத்ததற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. மறுபதிப்பாக வந்த இதழுக்குப் பழைய எண்ணை இடுவதா புதிய எண்ணை இடுவதா என்ற வினாவால் அட்டவணை பாதியில் நின்ற வீடுகளும் உண்டு.

மேலைநாட்டார் தரத்தையே வகைப்பாடாகக் கொண்டனர். ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட்டின் விலைக் கையேடு 1970-இல் வந்தது. 2000-இல் தோன்றிய சிஜிசி என்னும் நிறுவனம், இதழை ஆய்ந்து 0.5 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, தெளிந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி முத்திரையிடுகிறது. தமிழ் வாத்தியார்களே பத்துக்குப் பத்து போடத் தயங்குவர் என்பதால் இம்முறை நம்மவர்க்குப் புதிதன்று. எனினும் மதிப்பெண் இதழின் உடல்நிலையைச் சொல்லுமேயன்றி, அதை வைத்திருப்பவரின் மனநிலையைச் சொல்லாது. நேரலையில் பேசப்படுவதோ பின்னதே. மனநிலைக்குரிய இலக்கணம் தமிழில் ஒன்றுதான் உள்ளது.

ஐந்திணையும் அவற்றுக்குரிய தலைப்புகளும்

முதலாவது குறிஞ்சி. இதன் உரிப்பொருள் புணர்தல்; அதாவது, பல்லாண்டு தேடிய இதழும் தேடியவரும் கூடுதல். மலையும் மலைசார்ந்த இடமும் இதற்கு நிலமாதலின், பழைய புத்தகக் கடையில் கூரைமுட்ட அடுக்கிய குவியல் இங்கு மலை எனக் கொள்ளப்படும். 1985-இல் தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட் இத்திணையின் அழிந்த மலைத்தொடராகும். வீட்டார் அறியாமல் வாங்கிப் பரணில் வைப்பது களவு. வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி செய்து எல்லோரும் காண வைப்பது கற்பு. கொடுத்த விலையை ஒருநாள் வீட்டில் உள்ளபடி சொல்லிவிடுதல் அறத்தொடு நிற்றல் எனப்படும். இதற்கு ஒரு முழு நேரலையை ஒதுக்கலாம். சிறுபொழுது யாமம் ஆதலால் இரவு பத்து மணிக்குமேல் நடத்துதல் நன்று.

இரண்டாவது முல்லை. காத்திருத்தலே இதன் உரிப்பொருள். சந்தா கட்டியவர் கூரியரை எதிர்நோக்கி வாயிற்படியில் இருத்தல் இதனுள் அடங்கும். தலைவனின் தேர்மணி ஓசைக்குச் செவிசாய்த்த தலைவியைப் போலவே இவரும் கூரியர்க்காரரின் பைக் ஓசைக்குச் செவிசாய்ப்பார். நற்சொல் கேட்டு ஆறுதல் பெறும் விரிச்சியின் இடத்தை, பார்சல் கிளம்பிவிட்டது என்னும் குறுஞ்செய்தி பெற்றுள்ளது. சொன்ன மாதம் போயும் இதழ் வராதபோது, "புத்தகக் கண்காட்சிக்கு வந்துவிடும்" என்று நண்பர் தேற்றுவது, கார்காலம் இன்னும் வரவில்லை என்று தோழி சாதித்த பழைய பொய்யின் வழித்தோன்றல். கார்காலமே பெரும்பொழுது என்பதால் 'நனைந்த பார்சலை உலர்த்துதல்' என்னும் தலைப்பும் இங்கேயே வரும். நேரம் மாலை.

மூன்றாவது மருதம், ஊடற்குரியது. ஊடலுக்குக் காரணமாகப் பண்டைப் பாடல்களில் பரத்தை சுட்டப்பட்டாள். இங்கு அவளிடத்தில் அட்டைப்பெட்டி உள்ளது. "இது வீடா, பழைய பேப்பர் கடையா?" என்ற ஒரே வினாவே தமிழகமெங்கும் சொல் மாறாமல் வழங்குவது, இத்திணையின் தொன்மைக்குச் சான்று. வாயில் நேர்வித்தல் என்னும் சமாதானத் தூதுக்குப் பிள்ளைகளை அனுப்புவது பயன்தராது. அவர்கள் போன வழியில் ஓர் இதழைப் படிக்க அமர்ந்துவிடுவர். 'ஒரு பீரோவில் எத்தனை பட்டுப்புடவைக்கு எத்தனை காமிக்ஸ்' என்ற தலைப்பு பரிந்துரைக்கத்தக்கது. சிறுபொழுது வைகறை, அந்நேரத்தில் மறுதரப்பு உறங்குமாதலின் பேச்சுரிமை சற்றுக் கூடுதல்.

நான்காவது நெய்தல். இதன் உரிப்பொருள் இரங்கல், நிலம் கடற்கரை. இப்பொருத்தம் வியப்பூட்டுவது. கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் இதழின் நடுவிலுள்ள ஸ்டேப்ளர் பின் துருவேறி, நடுப்பக்கத்தில் இரண்டு பழுப்பு வாய்களை உண்டாக்கிவிடும். மலிவான மரக்கூழ்த் தாளில் லிக்னின் என்னும் பொருள் மிகுதியாக இருப்பதால் காற்றும் வெளிச்சமும் பட்டுத் தாள் மஞ்சளாகி, மடித்தால் அப்பளம்போல் ஒடியும். இத்திணையின் விலங்கு ராமபாணப் பூச்சி, மலர் அந்துருண்டை, உணவு, பூச்சியின் நோக்கில், அட்டையை ஒட்டிய பசை. ஆயினும் மிகப்பெரிய இரங்கல் இவற்றால் விளைவதன்று. விடுதிக்குப் படிக்கச் சென்ற ஆண்டில் வீட்டார் மொத்தக் குவியலையும் கிலோக் கணக்கில் எடைக்குப் போட்டதால் விளைவது. இதைப் பேசுங்கால் யார் போட்டார் என்று சொல்லலாகாது. அகத்திணையில் எவரையும் பெயர் சுட்டிப் பாடக் கூடாதென்பது விதி, அன்னையும் நேரலையைப் பார்ப்பார் என்பது நடைமுறை. பொழுது சாயும் எற்பாடே இதற்கேற்ற நேரம்.

ஐந்தாவது பாலை. இதன் உரிப்பொருள் பிரிதல். அதாவது, இரவல் கொடுத்தல். பெரும்பொழுது வேனில், கோடை விடுமுறையிலேயே இரவல்கள் பெரும்பாலும் நிகழ்ந்தன என்பதால் தொல்காப்பியர் காலம் வகுத்ததில் பிழையில்லை. பாலைக்குத் தனக்கென நிலமில்லை என்பது இலக்கணம். இரவல் போன இதழும் அவ்வாறே கொடுத்தவர் வீட்டிலும் இல்லை. வாங்கியவர் வீட்டிலும், அவர் சொல்லும்படி, இல்லை. இடையில் எங்கோ அது இருக்கிறது என்பதை மட்டும் நம்பலாம். அட்டவணையில் இதற்கென ஒரு தனிப் பத்தி வரைந்து, இதழின் பெயர், வாங்கியவர் பெயர், கடைசியாக அவர் சொன்ன காரணம் ஆகிய மூன்றையும் குறித்தல் வேண்டும். நேரம் நண்பகல், அந்நேரத்தில் நேரலையைப் பார்ப்பவர் வெகுசிலர் என்பதும் பாலையின் தனிமைக்கு ஒத்ததே.

கைக்கிளையும் பெருந்திணையும்

ஒருதலைக் காதல் கைக்கிளை. முத்து, லயன், ராணி என்று வரிசையாக வைத்திருக்கும் ஒருவருக்கு ஓர் எண் மட்டும் குறையும். அதில் இன்னொருவரிடம் இரண்டு பிரதி இருக்கும். அவர் விற்கவும் மாட்டார், இல்லையென்று சொல்லவும் மாட்டார், அனுப்பிய செய்தியைப் பார்த்ததாக நீலக் குறி மட்டும் காட்டுவார். இதைப் பற்றி எத்தனை வாரம் பேசினாலும் தகும்.

பொருந்தாக் காமம் பெருந்திணை. விலையைப் பற்றிய பேச்செல்லாம் இதன்பாற் படும். 1938-இல் 10 சென்ட்டுக்கு விற்ற, சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதி 2024-இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நேரலையின் நடுவே, பலர் பார்த்திருக்க, ஒருவர் தம் சம்பளத்துக்கு மீறிய தொகையைத் தட்டச்சிட்டு "எனக்கே தாருங்கள்" என்று வேண்டுதல், பனங்கருக்குக் குதிரையில் ஊர்நடுவே வந்து காதலை அறிவித்த மடலேறுதலின் இன்றைய வடிவம். மடலேறியவனைக் கண்டு அன்று ஊரார் இரங்கினர். இன்று சிரிக்கும் முகக்குறிகளை இடுகின்றனர்.

முடிபு

இவ்வாறு ஏழு திணைக்கும் வாரம் ஒன்றாக வைத்தால், எந்நடத்துநரும் பேசுபொருள் இன்றித் தவிக்கார். எனினும் ஆய்வின் இறுதியில் ஒரு குறை புலப்பட்டது. தேடுதல், காத்திருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல், ஏங்கல், ஏலம் ஆகிய அனைத்துக்கும் திணை கிடைத்தது. படித்தலுக்கு மட்டும் கிடைக்கவில்லை. முத்திரையிட்ட பெட்டிக்குள் இருக்கும் இதழைத் திறந்தால் மதிப்பெண் செல்லாது. ஆகையால் மிக உயர்ந்த தரமுடைய பிரதி எதுவோ அதுவே எவராலும் படிக்க இயலாத பிரதி.

இதற்கு மறுதலையாக ஒரு பிரதி உண்டு. அட்டையின் வலது மூலை கிழிந்து, முதுகில் சோற்றுப் பசையால் ஒட்டிய காக்கித் தாளோடு, முதற்பக்கத்தில் நீலப் பேனாவால் ஒரு சிறுவனின் பெயரும் '6-ஆம் வகுப்பு, ஆ பிரிவு' என்பதும் எழுதி, கீழே 'எடுத்தவர் திருப்பித் தரவும்' என்று அடிக்கோடிட்டிருக்கும். அட்டவணையில் அதன் தரம் 'மோசம்' என்று குறிக்கப்படும். நூறு பேர் படித்தாலன்றி ஓர் இதழுக்கு இந்நிலை வாராது என்பதை அட்டவணையில் எழுதப் பத்தி இல்லை.

ரங்கநாதன் 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நூலகம் வளரும் உயிரி என்னும் ஐந்தாம் விதியைச் சேகரிப்பாளர் அனைவரும் நன்கறிவர். கட்டிலுக்கடியிலிருந்து அது பரண்வரை வளர்ந்ததை அவர்தம் குடும்பத்தாரும் அறிவர். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஆகவே எட்டாம் வார நேரலைக்கு இக்கட்டுரை பரிந்துரைக்கும் தலைப்பு ஒன்றே: நடத்துநர் உறையைப் பிரித்து, ஓர் இதழை எடுத்து, முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை உரக்கப் படிக்க வேண்டும். சத்தம் கேட்கிறதா என்று அன்று கேட்க வேண்டியதில்லை. கேட்கவில்லையென்றால் பார்வையாளரே சொல்வர்.