விருந்தாளியை அனுப்பத் தெரியாத பெட்டி

ஆம்பூர் பிரவுசிங் சென்டரில் இருக்கும் கம்ப்யூட்டரைப் போல உபசாரம் தெரிந்த பிறவி வேறு இல்லை. ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர ஆதார் நகல் வேண்டுமென்று ஒரு பெண் வருகிறார். காசைக் கொடுத்துவிட்டு அவர் போய்விடுவார்; அவருடைய ஆதார் போகாது. 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில் ஊராருடைய பாஸ்புக், பான் கார்டு, பி.எஃப். தாள்களோடு உறவாகித் தங்கிவிடும்.

இ-ஆதாருக்குப் பூட்டு இல்லையென்று யாரும் குறை சொல்ல முடியாது. பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் சாவி. பக்கத்திலேயே கிடக்கும் பான் கார்டு இரண்டையும் அன்போடு சொல்லிக் கொடுக்கும்.

பிரிண்டருக்குக் கடமையுணர்ச்சி இன்னும் அதிகம். தாள் சிக்கி அச்சு நின்றுபோனால், அந்தக் கோப்பு வரிசையிலேயே காத்திருக்கும். மறுநாள் காலை ஆன் செய்ததும், யாரும் கேட்காமலே, நேற்று வந்தவரின் ஆதாரை இன்று வந்தவர் கையில் கொடுக்கும்.

மென்பொருள் எழுதியவர்களின் ஒழுங்கைச் சொல்லி மாளாது. தற்காலிகக் கோப்பை அழிக்கும் கட்டளையை அவர்கள் மறப்பதே இல்லை. என்ன, பல நேரம் அதைக் கடைசியில் எழுதுவார்கள். நடுவில் கரண்ட் போனால் அந்த வரி வரைக்கும் போக ஆளில்லை. போய் அழித்தாலும், ஹார்டு டிஸ்கில் அழிவது முகவரி மட்டும்தான். மேலே வேறொன்று எழுதப்படும்வரை சரக்கு அப்படியே இருக்கும். இந்தக் கைநேர்த்தி நம் பக்கத்துக்குப் புதிதல்ல. ராணிப்பேட்டை குரோமேட் ஆலை 1990களில் மூடியபோது கதவை ஒழுங்காகப் பூட்டியது. லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு மட்டும் வெளியே கிடந்து, மழைக்கு மழை மஞ்சளாக மண்ணுக்குள் இறங்கியது.

ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே 27இல் ஒரு குறிப்பு வெளியிட்டது. பொதுக் கம்ப்யூட்டரில் இ-ஆதாரை இறக்கினால் எல்லா நகலையும் நிரந்தரமாக அழித்துவிட்டு வரச் சொன்னது. மக்கள் பதறினார்கள். இரண்டே நாளில் அந்தக் குறிப்பு திரும்பப் பெறப்பட்டது. அழித்துவிட வேண்டிய இடத்தில் அழிக்கத் தெரிந்த அமைப்பு அது!

கம்ப்யூட்டர் பழசானதும் கடைக்காரர் அதை எக்ஸ்சேஞ்சில் போடுவார். வாங்குகிறவருக்கு ஹார்டு டிஸ்கும் இலவசம். உள்ளே இருக்கும் ஊரும் இலவசம்.